ஷட்டர் ஆறு

கொசப்பேட்டைக் குறுக்குத் தெருவில் ஏழு கடைகள்.
மூன்றாவது என்னுடையது:
இரண்டு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி,
தலையில்லாத பொம்மை ஒன்று.
போர்டில் 'பொட்டிக்' என்று எழுதச் சொன்னேன்.
கால் போட மறந்து 'பெட்டிக்' என்று எழுதிவிட்டு
நாளைக்கு வந்து போடுகிறேன் என்று போன யோவேல்
நாலு மாதம் கழித்து வந்தான்,
கால் போட அல்ல.

ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜுகளுக்கு
வங்காள எழுத்தில் வாடகை எழுதுகிறவன்.
ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது.
'மேல ஒரு கொடி, அதுல துணி காயப்போட்ட மாதிரி' என்பான்.

ஏழு ஷட்டரையும் கேட்டான். பெயின்ட் அவனுடையது, கூலி வேண்டாம்.
ஆனால் என் துணியில், நர்கீஸின் தோல்பையில்,
கஜலட்சுமி கரிகிரியிலிருந்து கொண்டுவரும் கருப்புச் சட்டியில்
அவன் கோடு விழுந்தால்
விற்றதில் மூன்றில் ஒன்று.
மூன்றில் ஒன்றா நாலில் ஒன்றா என்று
எட்டு டீ வரைக்கும் பேசினோம்.

ஏழு ஷட்டருக்கும் ஒரே பாலாறு.
முதல் கடையில் மலை, கடைசிக் கடைப் பூட்டில் பாலம்,
நடுவெல்லாம் தண்ணீர்.
'எப்போ பாத்தே இவ்ளோ தண்ணி?' என்றாள் நர்கீஸ்.
'ஒரு நவம்பர்ல. பாலத்து மேலேருந்து.
போலீஸ் விரட்டற வரைக்கும்.'

வரைந்து முடித்த அன்றுதான் உறைத்தது:
கடையைத் திறந்தால் படம் இல்லை.
படம் இருந்தால் வியாபாரம் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏழு மணிக்கு
எல்லோரும் இழுத்து மூடுவது,
சரக்கைத் தெருவில் பாய்போட்டுப் பரப்புவது.
ஐந்தாவது கடை முனிரத்தினம் மாட்டேன் என்றார்.
செல்போன் கவர், சார்ஜர்.
'சனிக்கெழம சாயங்காலம் ஷட்டர எறக்கினா
வீட்டுல யாருக்கோ என்னமோன்னு மாலையோட வந்துருவாங்க.'

ஏழில் ஆறுதான் மூடின.
ஆறு என்று பேர் வைக்க அது போதும் என்றான் யோவேல்.
லாரி மணல் அள்ளிப் போன பள்ளம் மாதிரி
வெள்ளத்தின் நடுவே டியூப்லைட் எரிய
முனிரத்தினம் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தார்.
வந்தவர்கள் போட்டோ எடுத்ததெல்லாம்
அவரைத்தான்.

தார்ரோடு இன்னும் சுட்டது.
சட்டியில் கீறிய கெண்டைகளைத் தட்டிப் பார்த்தார்கள்,
விலை கேட்டார்கள், வைத்துவிட்டுப் போனார்கள்.
என் துப்பட்டா இரண்டு போயிற்று.
தீர்ந்துபோனது நர்கீஸின் பை:
பேரணாம்பட்டில் கிலோ கணக்கில் எடுத்த துண்டுத் தோல்,
ஸ்கேன் ஃபிலிம் மடங்காமல் நுழையும் நீளம்.
அளவு சொன்னது யோவேல்.
லாட்ஜ் வாசல்களில் ஏணிமேல் நின்று
கவரை நெஞ்சோடு அணைத்துப் போகிறவர்களை
வருஷக்கணக்கில் மேலிருந்து பார்த்தவன்.

வங்காளத்துக்காரர் ஒருவர் பை வாங்கி
ஃபிலிமை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து
அதற்கப்புறம்தான் ஆற்றைப் பார்த்தார்.
ஏதோ கேட்டார். ஆற்றின் பேராக இருக்கும்.
யோவேல் சாக்பீஸால் ரோட்டில்
கை அறிந்த எழுத்தை எழுதிக் காட்டினான்.
குனிந்து வாசித்தவர்
ஷட்டரைக் கைநீட்டி, 'கரம் பானி?' என்று
இருமல் வரும்வரை சிரித்தார்.
'வெந்நீர் உண்டு' என்று எழுதியிருக்கிறான்.

கணக்கு முடிக்கப் பத்தரை.
மூன்றில் ஒன்று போக, அவரவர் பங்கு போக
நாற்பது ரூபாய் யாருடையது என்று தெரியவில்லை.
முனிரத்தினம் எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டார்.
'உங்களுக்கெல்லாம் வெளிச்சம் எவன் லைட்டு?'
அடுத்த மாதம் மூடுவாரா என்று
யாரும் கேட்கவில்லை. கேட்டால் மூடிவிடுவாரோ என்றுதான்.

காலையில் ஷட்டர் ஏறவில்லை.
பெயின்ட் காய்ந்து இடுக்கெல்லாம் பிடித்திருந்தது.
மெஷின் எண்ணெய் விட்டு, தோள் கொடுத்து
என் பங்கு ஆற்றைச் சுருட்டி மேலே தள்ளினேன்.
தலைக்கு மேல் 'பெட்டிக்'.
கால் இன்னும் வரவில்லை.